வாப்பாவின் லொறி குடித்த கரண்ட்

எங்கள் பகுதிக்கு மின்மானி பார்க்க வருகிறவர் காரைதீவுக்காரர். மாதத்துக்கு ஒருமுறை கேற்றில் தட்டுவார், மானியைப் பார்ப்பார், கையிலிருக்கும் சின்ன மெஷினில் இலக்கத்தை அழுத்துவார், பில் கடதாசி வெளியே வரும், கிழித்துத் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எங்களுக்குள் உள்ள பழக்கம் அவ்வளவுதான். அன்று கடதாசியைக் கிழித்தவர் அதை உடனே தரவில்லை. கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், ஏசி பூட்டினீங்களா?"

"என்னப் பாத்தா ஏசிக்குள்ள இரிக்கிற ஆள் மாதிரியா இரிக்கி?" என்றேன். பாடசாலையிலிருந்து வந்து அபாயாவைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப என்னமோ ஒண்டு நல்லா இழுக்குது. பாருங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரண்ட் பில்லுக்கு ஒரு குணம் இருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை. ஒரு எல்லை வரைக்கும் நல்ல பிள்ளையாக இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் யூனிட்டுக்கு வேறு விலை, நிலையான கட்டணத்துக்கு வேறு விலை என்று துள்ளிப் பாயும். நான் எத்தனையோ மாதங்களாக அந்த எல்லைக்கு இந்தப் பக்கத்திலேயே குடும்பம் நடத்தி வந்தவள். வெள்ளிக்கிழமை மட்டும் அயர்ன் பண்ணுவேன். பிரிட்ஜை அடிக்கடி திறக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். இவ்வளவு கஞ்சத்தனம் செய்தும் பில் துள்ளியிருந்தது.

என்ன இழுக்கிறது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. முன்னறை மூலையில், மேசைக்குக் கீழே, பக்கத்தில் கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று நின்றது. கேமிங் கொம்பியூட்டர். அது என் மாப்பிள்ளை, அதாவது என் புருசன், வாங்கியது. அவர் அப்போது கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுக்கிற தொழில் செய்துகொண்டிருந்தார். அந்த வேலைக்குச் சாதாரணப் பெட்டி தாங்காதாம். வீடியோ வெட்டுகிறவர்களும் கேம் விளையாடுகிறவர்களும் ஒரே சாமானைத்தான் தேடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு காசில்லாமல் நாடு கெட்டது. பெற்றோல் வரிசை, நாளுக்குப் பலமுறை கரண்ட் வெட்டு. கல்யாணங்கள் நாலு பேரோடு முடிந்தன, வீடியோவுக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர் கட்டாருக்குப் போனார். பெட்டிக்கு மேலே ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடினேன். கரண்ட் இல்லாத நாளில் அது சும்மா நின்றது. கரண்ட் திரும்பி வந்தபோது அதைப் போட்டு ஓட்ட ஆளில்லாமல் நின்றது.

பிறகு அதற்கு ஒரு டிரைவர் கிடைத்தார். அவர் என் வாப்பா.

வாப்பா லொறிக்காரர். மேற்கே வரிப்பத்தான்சேனைப் பக்கத்து ஆலைகளில் அரிசி ஏற்றி, மஹியங்கனையால் போய், மலையின் பதினெட்டு வளைவும் ஏறி, கண்டி தாண்டிக் கொழும்பில் இறக்கிவிட்டு, வரும்போது கடைச்சாமான் ஏற்றி வருவார். அவருடைய வாழ்க்கையில் பாதி அந்தப் பாதையில்தான் போனது. எங்கள் சின்ன வயதில் அவரை நாங்கள் அதிகம் கண்டது படுத்த கோலத்தில்தான், ஓட்டம் முடிந்து வந்து தூங்குகிற மனிதராக. அந்த ஓட்டத்தில்தான் எனக்கும் தங்கச்சிக்கும் சாய்ந்தமருதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு கட்டினார்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். வீட்டைக் கட்டிய தாய் தகப்பன் அதே வீட்டின் பின்னறைக்கோ, அடுத்த பிள்ளையின் வீட்டுக்கோ ஒதுங்கிவிடுவார்கள். வாப்பா அந்த ஒதுங்குதலை மிகவும் நேர்மையாகச் செய்தார். வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயருக்கு எழுதிய நாளிலிருந்து இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட என்னைக் கேட்பார். உம்மா மௌத்தான பிறகு என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறார். "மகள், இந்த லைட்டப் போடவா?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். தன் கையால் கல் தூக்கிக் கட்டிய வீட்டில் சுவிட்ச் தட்டுவதற்கு உத்தரவு கேட்கிற மனிதரோடு தினமும் இருந்து பார்த்தால் தெரியும் அந்த எரிச்சல்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்கு வந்தார். ஆனால் லொறி முடிந்தது. லொறியை விற்ற அன்று அழவுமில்லை, ஒன்றும் கதைக்கவுமில்லை. அதன் பிறகும் கதைக்கவில்லை. கேட்டால் ஓம், இல்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வார். நான் பாடசாலை, சமையல், அவரைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, மாணவர்களின் கொப்பி திருத்துவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். களைப்பு எனக்கு நோயல்ல, அது இரண்டாவது உத்தியோகம். இதற்கிடையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு மனிதரைக் கதைக்க வைப்பதற்கு என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

மாப்பிள்ளை முதல் லீவில் வந்தபோது பயணப் பெட்டிக்குள் ஸ்டேரிங் ஒன்றைக் கொண்டு வந்தார். மேசை விளிம்பில் பூட்டுகிற ஸ்டேரிங், கீழே கால் மிதிகள், வலது பக்கத்தில் கியர்த் தடி. கொம்பியூட்டரில் லொறி ஓட்டுகிற கேம் ஒன்றை ஏற்றினார். இடது காலுக்கு வேலையில்லாமல் கிளச்சைத் தானாக வேலை செய்யும்படி மாற்றிவிட்டார்.

"மாமா, ஒருக்கா இதுல இரிந்து பாருங்க," என்றார்.

வாப்பா மருமகனின் சொல்லைத் தட்ட மாட்டார். வந்து இருந்தார். வலது கையை ஸ்டேரிங்கில் வைத்தார். இடது கையை மற்றக் கையால் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார். லொறி நகர்ந்தது. வெள்ளைக்காரன் நாட்டு ரோட்டு, மழை, துடைப்பான் இப்படியும் அப்படியும் போனது. முதல் நாள் எதிரே வந்த காரெல்லாம் வந்து மோதின. அந்த நாட்டில் வலது பக்கமாக ஓட்ட வேண்டும், வாப்பா இடது பக்கத்தை விடவில்லை.

"அவனுகள்தான் புழையாப் போறானுகள்," என்றார்.

லொறி விற்ற பிறகு அவர் தானாகக் கதைத்த முதல் வசனம் அதுதான். நானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மாப்பிள்ளை தேடிப் பார்த்து, நம் நாட்டைப்போல இடது பக்கம் ஓடுகிற நாட்டுக்கு லொறியை மாற்றிக் கொடுத்தார். அவர் திரும்பிக் கட்டாருக்குப் போகும்போது வாப்பா அந்த நாட்டு ரோட்டெல்லாம் பாடமாக்கியிருந்தார். சாப்பிடும்போது என்னோடு கதைத்தார். எந்த இடத்தில் ஏற்றம், எந்த வளைவில் பிரேக்கைத் தொடக் கூடாது என்றெல்லாம். விழுந்த கை ஸ்டேரிங்கில் இருந்து இருந்து விரல்கள் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கின. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஓட்டுவார். பாங்கு கேட்டதும் நான் போய் மெஷினை நிறுத்துவேன். இதுதான் ஒழுங்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பில் வந்த அன்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தங்கச்சி கேட்டாள். "உங்களுக்குப் பில் கூடிட்டா ராத்தா?" அவளுக்குக் கூடியிருக்கவில்லை. எனக்கு வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பெட்டிதான். வித்துப் போடுங்க. விலை விழுறத்துக்கு முதல்ல வித்தாத்தான் நல்லம். வாப்பாவும் இந்த வயசில கேம் அடிச்சிட்டு இரிக்கிறாரு எண்டு ஆக்கள் சிரிக்கிறானுகள்."

"ஆக்கள் வந்து அவரக் குளிப்பாட்டுறானுகளா?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். ஆனால் விற்கிற கதை என் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். "மாமாட லொறிய நிப்பாட்டாத புள்ள," என்றார். பிறகு, "உனக்கு ஏலாட்டி விடு," என்றார். அனுப்புகிற காசைக் கூட்டுவதாக அவர் சொல்லவில்லை, அவரால் முடியாது என்று எனக்கும் தெரியும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மின்வலுவை நேரத்தால் பெருக்கினால் மின்சக்தி என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவள். பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தால் பயங்கரமான ஒரு எண் இருந்தது. ஆனால் அது பெட்டி ஆகக்கூடிய அளவு எவ்வளவு கொடுக்கும் என்கிற எண், உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்கிற எண் அல்ல. அதை நேரில்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பாடசாலை நேரத்தோடு விட்டது. தங்கச்சி மாப்பிள்ளை வாப்பாவை ஓட்டோவில் ஏற்றி ஜும்ஆவுக்குக் கொண்டுபோனார். நான் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன், பிரிட்ஜையும்கூட. எங்கள் வீட்டில் இருப்பது தட்டுச் சுற்றுகிற பழைய மானி. தட்டு அப்படியே நின்றது. ஒரு ஃபேனை மட்டும் போட்டேன். தட்டிலுள்ள கறுப்புக் கோடு ஆறுதலாகச் சுற்றி வந்தது. ஃபேனை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் போட்டு, கேமைத் திறக்காமல் வைத்துப் பார்த்தேன். ஃபேனைவிடக் கொஞ்சம்தான் வேகம். லொறியைத் திறந்து மழையில் ஓடவிட்டேன். கோடு ஓடத் தொடங்கியது. ஐந்தாறு ஃபேனை ஒரேயடியாகப் போட்ட மாதிரி.

கூடத்தான். ஆனால் அஸரிலிருந்து மஃரிப் வரைக்கும் கணக்குப் பார்த்தால் பில் அவ்வளவு தூரம் துள்ளியிருக்க நியாயமில்லை. எங்கேயோ ஒழுக்கு இருந்தது. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. மானிப் பெட்டியைச் சாத்திவிட்டு வந்து மீன் கழுவினேன்.

கச்சான் காற்று அடிக்கிற மாதம் அது. மேற்கிலிருந்து வந்து கண்ணையும் தொண்டையையும் காய வைக்கும் காற்று. ஒருநாள் பாடசாலைத் தாங்கியில் தண்ணீர் இல்லையென்று இடைவேளையோடு விட்டார்கள். இரண்டு மணித்தியாலம் படுக்கலாம் என்ற ஒரே ஆசையோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் முன்னறை சூடு முகத்தில் அடித்தது. பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு லொறி ரோட்டோரமாக நின்றது, விளக்கெல்லாம் எரிந்தபடி. மழை பெய்துகொண்டிருந்தது. துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேரிங்குக்கு முன்னால் யாரும் இல்லை.

பின்னறையில் வாப்பா படுத்திருந்தார். ஃபேன் ஓடவில்லை. சேர்ட்டில்லாத முதுகில் வியர்வை வழிந்து கட்டிலில் விரித்த பாயெல்லாம் நனைந்திருந்தது. காற்று வராத அறை அது, ஜன்னலுக்கு நேரே தங்கச்சி வீட்டுச் சுவர்.

"வாப்பா, என்ன இது?"

கண் திறந்து என்னைப் பார்த்தார். என்ன நேரம் என்று ஜன்னலைப் பார்த்தார். "நேரத்தோட வந்திட்டியா மகள்?"

"லொறி நிக்கிது அங்க. ஏன் நிப்பாட்டாம வந்தீங்க?"

"நிப்பாட்டிட்டுத்தானே வந்த. பிரேக் போட்டிரிக்கி. எஞ்சின்தான் ஓடுது." எழும்ப முயன்றார், நான் பிடித்து இருத்தினேன். "ஏத்தம் ஏறி வந்த எஞ்சின உடன அணைக்கப்படா. சூடு தணியணும். பொறகு, உள்ளுக்க லோட் இரிக்கி. ஆளில்லாம, விளக்கு இல்லாம ரோட்டுல விட்டுட்டுப் படுக்கிறதா?"

மெல்ல மெல்லக் கேட்டதில் எல்லாம் வந்தது. நான் பாடசாலைக்குப் போனதும் அவர் தானாகவே மெஷினைப் போடுகிறார். கொஞ்ச நேரம்தான் ஓட்டுவார், அதற்குமேல் இடுப்புத் தாங்காது. லொறியை ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, வந்து படுத்துவிடுவார். நடுப்பகல் ளுஹருக்கு முதல் எழும்பிப் போய் லோடைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு மெஷினை நிறுத்துவார். ஒளித்துச் செய்தாரா என்றால் அதுவுமில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஓடுகிற நேரம் கொஞ்சம், நிற்கிற நேரம்தான் முழுக் காலையும். அந்த லொறி நின்றாலும் அங்கே மழை நிற்பதில்லையே. விழுகிற துளி ஒவ்வொன்றையும் அந்தப் பெட்டி வரைந்துகொண்டே இருக்கும், நிற்கிற லொறிக்கும் ஓடுகிற லொறிக்கும் அது இழுப்பது ஒரே அளவுதான்.

"ஃபேன் ஏன் போடல்ல?"

"அதத்தானே நான் பாத்துக் கொள்றன்," என்றார். குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "லொறிக்குக் கரண்டு போகும் எண்டு தெரியும். அதுக்குத்தான் ஃபேன் போடுறல்ல. கேத்தலும் வைக்கிறல்ல, வெறும் தண்ணிதான். ரெண்டும் சமனாப் போயிரும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெக்கையில் ஃபேன் இல்லாமல் எத்தனை நாள் இப்படிக் கிடந்தாரோ தெரியாது. எனக்குக் கோபம்தான் வந்தது. களைத்தவளுக்கு இரக்கம் வருவதற்கு முதல் கோபம்தான் வரும். "ஃபேன் இழுக்கிறது ஒரு சொட்டு வாப்பா. ஒரு லொறிக்கு அஞ்சாறு ஃபேன் போடலாம். நீங்க வேர்த்துக் கிடந்து ஒண்டும் மிச்சம் வரல்ல. பில் டபுள் ஆகித்தான் வந்தது," என்று படபடவென்று சொன்னேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற அதே குரலில். நான் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. எல்லாம் சரியான விஞ்ஞானம்.

அவர் முகத்தில் அந்தச் சின்னப் பெருமை அணைந்துபோனது. அவர் இவ்வளவு நாளும் தன் லொறிக்குத் தானே செலவு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வேண்டாம் மகள்," என்றார். "நிப்பாட்டிரு."

"ஓட்டுங்க வாப்பா. ஓரங்கட்டினா மெஷின நிப்பாட்டுங்க, அவ்வளவுதான் சொல்றன். அது உண்மையான எஞ்சின் இல்ல. லோட் எங்கயும் போகாது, நீங்க வாற மட்டும் அப்பிடியே இரிக்கும்."

"ஓம்," என்றார். ஆனால் எழும்பிப் போய், சுவரைப் பிடித்துப் பிடித்து முன்னறைக்கு வந்து, அந்த லோடைக் கொண்டுபோய் இறக்கினார். லொறியைப் பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். மெஷினையும் அணைத்தார். மேசைவிரிப்பை ஒற்றைக் கையால் இழுத்துப் பெட்டிக்கு மேலே போட்டார். அஸருக்குப் பிறகு அவர் முன்னறைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

நான் கூப்பிட்டுப் பார்த்தேன். நல்லாகச் சொல்லிப் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். "இடுப்பு நோகுது" என்பார். "நாளைக்குப் பாப்பம்" என்பார். திரும்பவும் முகம் சுவர்ப்பக்கம் போனது. சாப்பாட்டு நேரத்துக் கதைகள் நின்றன. ஃபேனை நான் போட்டுவிட்டுப் போனால் அது ஓடிக்கொண்டிருக்கும், அவர் அதை நிறுத்தவுமில்லை, அதற்கு ஒன்றும் சொல்லவுமில்லை. விரல்கள் பழையபடி மடங்கத் தொடங்குவதைக் குளிப்பாட்டும்போது என் கைதான் முதலில் கண்டது. சோப்பை அவர் கையில் வைத்தேன், நழுவி விழுந்தது.

காரைதீவுக்காரர் வந்தார். "நல்லாக் குறைஞ்சிட்டு டீச்சர்," என்று சிரித்தபடி பில்லைத் தந்தார். உண்மையிலேயே சந்தோசப்பட்டார் மனிதர். எனக்கு அந்தக் கடதாசியை அவர் முகத்துக்கு முன்னாலேயே கசக்கி எறிய வேண்டும் போலிருந்தது. மடித்து அலுமாரியில் வைத்தேன்.

அன்று பின்னேரம் வாப்பாவின் பக்கத்தில் போய் இருந்தேன். "பில் குறைஞ்சிட்டு வாப்பா. ஓட்டலாம்."

"வேண்டாம் மகள்."

"இது நீங்க கட்டின ஊடு. உங்கட ஊட்டுக் கரண்டத்தான் நீங்க எடுக்கிறீங்க."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "கட்டினதும் நான், தந்ததும் நான். தந்தத்த எப்பிடி மகள் திருப்பி எடுக்கிற?"

எங்கள் ஊரில் யாரிடமும் அதற்குப் பதில் இருக்காது.

பெட்டியை விற்றுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். பார்க்கப் பார்க்க நெஞ்சு நோவதைவிட அது போவது நல்லது. தங்கச்சி மூலம் அக்கரைப்பற்றில் ஒருவர் கிடைத்தார். ஸ்டேரிங்கோடு எடுப்பதாகவும், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பதாகவும் சொன்னார். நாளைக்கு வருவார். கன நாளாக மூடிக் கிடந்த மெஷின் ஓடாமல் நின்று அந்நியருக்கு முன்னால் மானம் போகக் கூடாதே என்று, பாடசாலையிலிருந்து வந்த கையோடு விரிப்பை எடுத்துவிட்டுப் போட்டேன். அது தவணைப் பரீட்சைக் காலம். முதல் நாள் கொப்பி திருத்தித் திருத்தி, சுபஹுக்கு முதல் எழும்பிச் சமைத்து, வகுப்பில் நின்று கால் வீங்கி வந்திருந்தேன்.

வாப்பாவின் கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. மிதியை மிதித்தேன், லொறி குதித்தது. கியர்த் தடியை எங்கேயோ தள்ளினேன், எஞ்சின் அலறியது. வேலியை இடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். திரும்பவும் அலறியது.

பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. சுவரில் உள்ளங்கை உரசுகிற சத்தம் நெருங்கி வந்தது.

"அந்தக் கியர்ல ஏன் அத இழுக்கிற? கத்துது, கேக்கல்லையா உனக்கு?"

"எனக்கு ஓட்டத் தெரியுமா வாப்பா? வேலை செய்யுதா எண்டு பாக்கிறன். நாளைக்கு ஒருத்தர் வாறார் எடுக்க."

அவர் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வலது கையால் இழுத்து எனக்கு இடது பக்கத்தில், லொறியில் கிளீனர் இருக்கிற பக்கத்தில், போட்டு உட்கார்ந்தார். மேல் கியருக்கு எப்போது போக வேண்டும் என்று தலையால் காட்டினார். நான் போட்டேன். லொறி ஒழுங்காக ஓடத் தொடங்கியது. நிறுத்திவிட்டு எழும்பியிருக்கலாம். ஓடுகிறது என்று பார்த்தாகிவிட்டது. ஆனால் எழும்புவதற்குக் காலில் பலம் இருக்கவில்லை. ரோட்டு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வளைவுகூட இல்லை. மழை பெய்தது. துடைப்பான் போய்ப் போய் வந்தது. வாப்பாவின் மூச்சு பக்கத்தில் கேட்டது.

"மகள்."

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். லொறி புல்லுக்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. வாப்பாவின் வலது கை குறுக்கே வந்து ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தது. மெதுவாக ரோட்டுக்குத் திருப்பினார்.

"கண்ணு சொக்குது உனக்கு. கால எடு."

காலை எடுத்தேன். லொறி மெல்ல மெல்ல நின்றது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் என்னை அப்படிப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நான் அவருக்குப் பணிவிடை செய்கிறவளாக இருந்தேன், அவர் என் கையைத்தான் பார்ப்பார்.

"கடைசியா எப்ப ஒழுங்கா நித்திரை கொண்டா?"

பின்னோக்கி நாட்களை எண்ணிப் பார்த்தேன். அழுகை வந்தது. அபாயாக் கையால் முகத்தைத் துடைத்தேன்.

"நித்திரையோட ஸ்டேரிங் பிடிக்கப்படா. இறங்கு. நான் எடுக்கிறன்."

எழும்பினேன். அவர் மேசையைப் பிடித்துத் தன் கதிரைக்கு மாறினார். இடது கையைத் தூக்கி ஸ்டேரிங்கில் வைத்தார். விரல்கள் பிடிக்கவில்லை, அப்படியே கிடந்தன. கரண்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லோட் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று திரையில் பார்த்துவிட்டு லொறியை எடுத்தார். எஞ்சின் அலறவில்லை. அக்கரைப்பற்றுக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கீழே பாயைத் தட்டிப் போட்டு, அபாயாவோடு அப்படியே சாய்ந்தேன்.

"எவடத்த எழுப்புற?" என்று கேட்டார், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

கொழும்பு ஓட்டத்தில் இரண்டு சாரதிகள் போனால், இடம் மாறிப் படுக்கப் போகிறவரிடம் எந்த ஊரில் எழுப்புவது என்று கேட்கிற கேள்வி அது. மஹியங்கனை, கண்டி என்று அவர் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லிவிட்டுத் தூங்குவார்.

"எழுப்ப வேண்டாம் வாப்பா," என்றேன். "நீங்களே கொண்டுபோய் இறக்குங்க."